சகலையைவிட ஒரு நாளாவது கூடுதலாக

தேநீரை மேசைமேல் வைத்து, அது ஆறும் நேரத்தில் விசைப்பலகையில் ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறார்: 'அப்டைம்'. கடைசியாக எழுப்பப்பட்ட நாளிலிருந்து மெஷின் எத்தனை நாள் கண்ணயராமல் ஓடியிருக்கிறது என்று திரையில் ஓர் எண் வருகிறது. அதை வாய்விட்டுப் படிக்கிறார். பக்கத்து மேசைக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும். அப்புறம்தான் தேநீர். பத்திரிகைக் கட்டுரைக்காக எண்ணைக் குறித்துக்கொள்ளட்டுமா என்று முதல் நாள் நான் கேட்டதற்கு, "வேணாம் சார், அச்சாகி வர்றதுக்குள்ள தப்பாயிடும்" என்றார். சொன்னது பலித்தது. அவர் நினைத்த திசையில் அல்ல என்பது வேறு விஷயம்.

பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றின் இரண்டாவது மாடி. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஆட்களுக்கு இல்லாத குளிரூட்டலை அனுபவித்தபடி யுனிக்ஸ் சர்வர்கள் நிற்கின்றன. பாதி இவர் பொறுப்பு: முகவரிச் சீட்டு அச்சடிப்பது, எந்த லாரி எந்த ஊருக்கு என்று பிரிப்பது. மீதிப் பாதி பக்கத்து மேசைக்காரர் பொறுப்பு. பக்கத்து மேசைக்காரர் இவர் மனைவியின் தங்கை கணவர். அந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்து, கூடவே நின்று, சேர்த்துவிட்டது இவர்தான். செய்த நல்ல காரியங்களில் இவர் வருத்தப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

ஆபீசில் இவருக்கு மார்க்கண்டேயர் என்று பெயர். இவர் கையில் ஒரு மெஷினும் செத்ததில்லை. அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதே தெரியாது என்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

சகலைகள் இருவருக்கும் இடையே ஒரே ஒரு தகராறுதான். சின்னவர் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், லாரி ஓடாத நேரமாகப் பார்த்து வந்து, தன் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் திரும்ப எழுப்புவார். எழுந்ததா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். மூத்தவர் எதையும் நிறுத்துவதில்லை.

"ஓடுற பஸ்ஸை நடு ரோட்டுல நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்குறவனை என்னன்னு சொல்லுவீங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் பக்கத்து மேசையிலிருந்து வந்தது.

"ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸுன்னா, அது டிப்போவுலயே தெரிஞ்சுட்டா நல்லதுதானே சகலை?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சகலை. நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க."

இவரிடம் மரியாதை கூடினால் பொறாமை கூடியிருக்கிறது என்று அர்த்தம். சாதாரண நாட்களில் "வாய்யா" என்று கூப்பிடுகிறவரை, கம்பெனி பாராட்டிய அன்று "வாங்க, உக்காருங்க" என்பார்.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் இவரும் ஆபீசுக்கு வந்துவிடுகிறார். குடையை விட்டுவிட்டாராம். மழை பெய்து மாதக்கணக்கானாலும் குடை ஆபீசில்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் டம்ளரும் கையுமாக நின்று, சகலையின் மெஷின்கள் விழுவதையும் எழுவதையும் காதால் பார்ப்பார்.

"எல்லாம் எழுந்துருச்சா சகலை?"

"எழுந்துருச்சு சகலை."

"எல்லாமா?"

அந்த இரண்டாவது கேள்வியில் ஒரு மனிதர் எவ்வளவு நம்பிக்கையை வைத்து இழக்க முடியுமோ அவ்வளவும் இருக்கும். பிறகு குடையை எடுக்காமலே வீட்டுக்குப் போவார்.

வீட்டில் அதற்கு மேல். "தங்கச்சி வீட்டுக்காரர் மாசத்துல ஒரு ஞாயிறு ஆபீஸ் போறாரு, மிச்ச ஞாயிறெல்லாம் பொண்டாட்டி பிள்ளையோட இருக்காரு" என்கிறார் மனைவி. "இவருக்கு எந்த ஞாயிறும் வேலை இல்ல. ஆனா எந்த ஞாயிறும் வீட்டுல இல்ல. உடம்பு மட்டும் சோபாவுல கிடக்கும், உசிரு அந்த போனுக்குள்ள. மணி அடிச்சா போதும், மெஷினுக்கு என்னாச்சோன்னு முகம் வெளுத்துரும்."

"எனக்கென்ன பொறாமை? பொறாமைப்பட அவர்கிட்ட என்ன சார் இருக்கு?" என்று இவர் கேட்டார். அவர் வாயிலிருந்தே ஒரு பட்டியல் தானாக வந்தது. படுத்தவுடன் தூக்கம். நரைக்காத தலை. மாமனார் வீட்டுக்குப் போனால் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி. "நான் மூத்த மாப்பிள்ளை. எனக்கு ஜன்னலோரம். ஜன்னல்ல காத்தே வராது."

இந்த நிலையில்தான் பிரிவுக்குப் புதிய தலைவி வந்தார். இரண்டு பாதியையும் ஒருவரிடமே ஒப்படைக்கப் போவதாகவும், இனி எல்லா மெஷினுக்கும் ஒரே விதி என்றும், யாருடைய விதியோ சர்வர்களுக்கு அவரே தலைமை நிர்வாகி என்றும் சொன்னார். சகலைகளில் ஒருவர் மற்றவருக்கு அதிகாரியாகப் போகிறார். இவர் அன்று சாப்பிடவில்லை. அந்தச் சாப்பாட்டு டப்பாவைச் சின்னவர் காலி செய்தார்.

தலைவி கூட்டிய கூட்டத்தில் இவர் நெடுநாளாகப் பொத்தி வைத்திருந்த குண்டைப் போட்டார். சகலையின் மெஷின் ஒன்றில் ஒரு புரோகிராம், ஓடும்போது எடுத்துக்கொள்ளும் நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை. நாள் ஆக ஆகத் தின்றுகொண்டே போகிறது. மாதக் கடைசியில் மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது. முதல் ஞாயிறு ரீபூட் செய்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஆகிவிடுகிறது.

"வலிக்குதுன்னா ஏன் வலிக்குதுன்னு பாக்கணும் மேடம். மாசாமாசம் மயக்க ஊசி போட்டா அது வைத்தியமா?"

சின்னவர் முகம் சிவந்தது. "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் சகலை?"

"ரொம்ப நாளா."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே."

தலைவி சிரிக்கவில்லை. "சரி. உங்க மெஷின்ல எது பழசோ, அதை இப்ப நிறுத்தினா தானா எழுந்துருமா?" என்று இவரைக் கேட்டார். "எழணும்..." என்று இழுத்தார். பொய் சொல்லத் தெரியாதவர். அந்தக் கேள்வியைத்தான் அவர் எல்லா ஞாயிறும் சோபாவில் கிடந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. மூத்தவர் தன் பழைய மெஷினை வரும் முதல் ஞாயிறே ரீபூட் செய்து காட்ட வேண்டும். இளையவர் கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை அந்த மெஷினை ரீபூட் செய்யவே கூடாது. மூச்சு முட்டினால் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்தி எழுப்பலாம். இரண்டும் முடிந்த பிறகு தலைமை யாருக்கென்று பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம் தண்ணீர் டம்ளரோடு நின்றவர் சின்னவர். மூத்தவர் கட்டளையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் அடங்கியது, முனகியது, எழுந்தது. எல்லா விளக்கும் பச்சை. சீட்டு அச்சடிக்கும் எந்திரம் மட்டும் வாய் திறக்கவில்லை.

"சகலை, இதோட புரோகிராமை எழுப்புறது யாரு?"

"அதுவா எழும்."

"எழலையே."

மூத்தவரிடமிருந்து மெல்லிய குரலில் வந்தது: "நான்தான்யா. வச்ச அன்னிக்கு அவசரத்துல கையால தட்டி எழுப்பிட்டேன். மெஷின் எழுறப்ப தானா எழுற வரிசையில சேர்க்கணும்னு நினைச்சேன்... நினைச்சதோட சரி." அதற்கப்புறம் மெஷினை நிறுத்தவே இல்லை, அதனால் மறந்தது தெரியவும் இல்லை. வேலை நாளில் மின்சாரம் காலை வாரியிருந்தால், சீட்டு ஒட்டாத பார்சல்களோடு லாரிகள் வாசலில் நின்றிருக்கும்.

மூத்தவர் அதை வரிசையில் சேர்க்கும்போது எழுத்துப் பிழை வராமல் சின்னவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி எழுப்பினார்கள். எந்திரம் கடகடவென்று ஒரு சீட்டைத் துப்பியது. அன்று மாலை இவர் சோபாவில் குறட்டை விட்டதாகவும், போன் அடித்தும் எழவில்லை என்றும் மனைவி சொல்கிறார். எழுப்ப மனமில்லையாம்.

திங்கட்கிழமை காலை. தேநீர் மேசைமேல். அப்டைம். எண்ணை உரக்கப் படிக்க வாயெடுத்தவர், உள்ளேயே விழுங்கிக்கொண்டார். அது ஒரு நாளைக்கூட எட்டவில்லை. பக்கத்து மேசையில் சின்னவரும் தன் மெஷினில் அதே சொல்லைத் தட்டினார். வேண்டுமென்றே இல்லை, நினைவகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும்போது கைவாக்கில்.

"அட, எனக்கு இவ்வளவு நாள் வந்ததே இல்ல சகலை! மேடம் நிறுத்தவே கூடாதுன்னுட்டாங்க. இனிமே ஏறிக்கிட்டே போகும்போல."

ஏறத்தான் செய்யும். கோளாறு கிடைக்கும்வரை அந்த எண்ணைப் பூஜ்யமாக்க யாருக்கும் அதிகாரமில்லை. கோளாறு கிடைத்தால் தலைமைப் பதவி சின்னவருக்கே போகலாம் என்பது இவருக்குத் தெரியாததல்ல. அதை யோசித்த மாதிரி முகத்தில் அடையாளமில்லை.

தேநீர் ஆறி ஆடை படிந்தது. எழுந்தார். தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சகலையின் நாற்காலியை இடித்து நிறுத்தினார்.

"தள்ளி உக்காருய்யா. மெமரி திங்கிற இந்தத் திருட்டுப் பயலை இன்னிக்கே புடிக்கிறேன்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.