சின்னமுத்து ஊசி

எண்ணெய் காயாத வீட்டுக்கு ஒரு மணம் உண்டு. அளவெட்டியில் எங்கள் வீட்டில் ஓர் ஆவணி விடுமுறையில் அந்த மணத்துக்குள்தான் அடைபட்டுக் கிடந்தேன். வாசல் படலையில் செருகிய வேப்பிலை வாடுகிற கசப்பு, அரைத்த மஞ்சள், தாளிக்காத பருப்பு, இவை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு குசினியில் அடுப்போர மூலையில் கிடந்த பனம்பழங்களின் தித்திப்பு. அந்தப் பழங்களைப் பிசைந்து களியெடுத்துப் பணியாரம் சுட்டு, தகரப்பேணி நிறையக் கொண்டுபோய் வன்னியில் இருந்த மாமாவுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அம்மாவின் திட்டம். பழங்கள் கனிந்து, கறுத்து, கடைசியில் ஈ மொய்க்கக் கிடந்தன. ஒருவரும் அடுப்பில் எண்ணெய்த் தாச்சி வைக்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது அவரும் எங்களோடு ஓடினார். நாங்கள் திரும்பி வந்தோம், அவர் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். எனக்கு அவருடைய முகம் ஞாபகமில்லை. அம்மாவோ என் மூக்கைப் பார்த்து "அப்பிடியே தம்பியின்ரை மூக்கு" என்று வாரத்துக்கொரு தரமாவது சொல்லிக்கொள்வார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகும் ஏதோ ஒரு காரணத்தால் பயணம் தள்ளித் தள்ளிப் போயிற்று. முதலில் பணமில்லை, பிறகு அம்மாவின் வயிற்றில் தங்கச்சி. அந்த விடுமுறைக்குத்தான் எல்லாம் கூடிவந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் மாமா வாய்ச்சொல் அனுப்பியிருந்தார்: வெள்ளிக்கிழமை கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டில் சைக்கிளோடு நிற்பேன், எந்த பஸ்ஸில் வந்தாலும் சரி, பின்னேரம் மட்டும், பொழுதுபடும்வரை, நிற்பேன்.

இதற்குள் தங்கச்சிக்கு ஒன்பது மாதம் ஆகி, தட்டம்மைக்கான சின்னமுத்து ஊசி போடும் முறை வந்தது.

ஊசிகளைப் பற்றி எங்கள் வீட்டுக்கு ஓர் அனுபவம் இருந்தது. பிறந்த கையோடு போட்ட ஊசி தங்கச்சியின் இடது புயத்தில் சின்னப் புண்ணாகிச் சீழ்கட்டி, தானாகவே காய்ந்து தழும்பாகிவிட்டது. அது அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பதறவில்லை. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போட்ட முக்கூட்டு ஊசிக்கு அன்றைக்கே உடம்பு கொதித்தது, தொடை வீங்கிக் கல்லாயிற்று. அம்மா ஈரத்துணியால் ஒற்றி, காய்ச்சல் பாணியைக் கரண்டியில் ஊற்றிக் கொடுக்க, அடுத்த நாள் பிள்ளை சிரித்தது. ஆகவே ஊசிக்காய்ச்சல் என்றால் ஊசி போட்ட அன்றைக்கே வந்து, மரியாதையாக அடுத்த நாளே போய்விட வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். சின்னமுத்து ஊசி போட்ட அன்று காய்ச்சலே வரவில்லை. அப்பாவின் மூத்த அக்காவான பெரியமாமி, ஒரே வளவுக்குள் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர், குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது தங்கமான ஊசி" என்று சான்றிதழ் கொடுத்தார்.

கிளினிக்கில் ஊசி போட்ட குடும்பநல மாது, எங்கள் ஊர்வாயில் "மிஸ்ஸி", இந்த ஊசியின் காய்ச்சல் ஒரு கிழமை கழித்துத்தான் வரும், மெல்லிய தடிப்பும் போடலாம் என்று சொன்னார். அம்மா தலையாட்டியதை நான் கண்டேன். அங்கே இருபது பிள்ளைகள் ஒன்றாக வீரிட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

ஒரு கிழமைக்கு மேலாயிற்று. ஊசியை எல்லோரும் மறந்துபோனோம். வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு உடுப்பு மடித்துக்கொண்டிருந்த புதன்கிழமை காலை, தங்கச்சிக்கு உடம்பு சுட்டது. காதுக்குப் பின்னாலும் நெஞ்சிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாகத் தடித்திருந்தது. கண்டவர் பெரியமாமி. குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், தூக்கிய கையை அப்படியே கும்பிட்டார்.

"அம்மாள் வந்திட்டா."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. மற்ற எந்த நோய் வருத்தத்தின் பெயரையும் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்லலாம், மலேரியா என்றார்கள், இல்லை வெறும் காய்ச்சலாம் என்று. அம்மாளை மட்டும் மாற்ற முடியாது. வந்துவிட்டா என்று ஒருவர் சொன்னபிறகு இல்லை என்று சொல்பவர் வருத்தத்தை மறுக்கவில்லை, வந்த அம்மாளை வாசலில் வைத்து அவமதிக்கிறார். அதன்பிறகு குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் பழி அவர் தலையில்தான்.

மத்தியானத்துக்குள் வீடு மூடிக்கொண்டது. படலையில் வேப்பிலை ஏறியது. தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, மீன் இல்லை. தலை இழுத்து வாரக்கூடாது, உடுப்புத் தோய்க்கக்கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது, வந்தாலும் "வாங்கோ" என்று கூப்பிடக்கூடாது, போகிறவர் "போட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பிள்ளைக்கு நாள் தள்ளி மூன்று முறை வார்த்து, அந்த "மூண்டாம் தண்ணி" முடியும்வரை வீட்டிலிருந்து ஒருவரும் பயணம் போகக்கூடாது. எனக்கு விளையாட வேலியோரம்கூட இல்லை. கோயிலில் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியை விட்டுவிட்டு வாசிப்பது காதில் விழுந்துகொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தால் போய்வர முடிகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை மிஸ்ஸி சைக்கிளில் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் வந்தவர் வேப்பிலையைக் கண்டு நின்றார். படலைக்கு வெளியில் நின்றபடியே விசாரித்தார். அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்ட, எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உது சின்னமுத்து இல்லை. ஊசியாலை வந்த தடிப்பு. ரண்டு மூண்டு நாளிலை மறைஞ்சிடும், ஆருக்கும் தொத்தாது."

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த மலர்ச்சி பெரியமாமி வாய் திறக்கும்வரைதான் இருந்தது.

"அவவின்ரை பேரிலை ஊசி குத்தினால் அவ பாத்துக்கொண்டிருப்பாவே? வந்திட்டா."

ஊசிக்குச் சின்னமுத்து என்று அம்மாளின் பெயரைத்தானே நாங்கள் வைத்திருந்தோம். மிஸ்ஸி ஒரு கணம் வேப்பிலையைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்தான். காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். "நான் ஊசியைப் பற்றித்தான் கதைச்சனான், மாமி. அம்மாளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் மெல்லிய குரலில். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் குசினியில் அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "ஊசிதானாம். நாளைக்குப் போவமே?" அப்பா பனம்பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா சொல்லிப்போட்டா. வழியிலை பிள்ளைக்கு ஏதும் எண்டால் ஆர் பதில் சொல்லுறது? மூண்டாம் தண்ணி வாத்திட்டுப் போவம்." போகமுடியாது என்று மாமாவுக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை, தொலைபேசியும் இல்லை.

மிஸ்ஸி சொன்னபடியே தடிப்பு இரண்டு நாளில் மறைந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கச்சி பாயில் தவழ்ந்து விளையாடினாள். காய்ச்சலும் இல்லை, தடிப்பும் இல்லை. வீடு மட்டும் மூடியே இருந்தது. அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் குழந்தையின் நெஞ்சைத் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு சொல் அவருடைய வாய்க்குள்ளேயே இருந்தது.

மூன்றாம் தண்ணீர் வார்ப்பதற்கு முன் பாதை பூட்டிவிட்டது. பாதையின் சோதனைச்சாவடி இருந்த முகமாலையில் சண்டை தொடங்கியது, ஊரடங்கு வந்தது, சீனியும் மாவும் வரிசைக்குப் போயின. எங்கள் படலையில் இருந்த வேப்பிலையைப் பெரியமாமி முறைப்படி எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் குடாநாட்டுக்கே படலை சாத்தியாயிற்று. அதைத் திறக்க எங்களுக்கு ஒரு தண்ணீரும் தெரிந்திருக்கவில்லை.

மாமாவை நாங்கள் காணவேயில்லை. கடைசிச் சண்டைக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கண்டோம் என்று சொன்னவர்களும் இல்லை, செத்தார் என்று சொன்னவர்களும் இல்லை.

பெரியமாமி சாகும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்மாள்தான் மறிச்சவ. போயிருந்தால் நீங்களும் அங்கை மாட்டுப்பட்டிருப்பியள்." அது பொய்யில்லை. அதே விடுமுறைக்குப் போன எங்கள் ஒழுங்கைக் குடும்பம் ஒன்று அந்தப் பக்கம் அகப்பட்டு, வருடங்கள் கழித்து, போனவர்களில் ஒருவர் குறைந்து திரும்பி வந்தது. அம்மா இதற்கு ஒருநாளும் பதில் சொல்லவில்லை. நன்றி சொன்னால் தம்பியை விட்டுக்கொடுத்ததாகும், கோபித்தால் எங்கள் உயிரை மறுத்ததாகும். அந்த ஊசித் தடிப்புக்குள் அம்மா இத்தனை வருடமும் அகப்பட்டுக் கிடந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சின்னமுத்து ஊசி என்ற பெயரே போய்விட்டது. கன்னம் வீங்குகிற கூகைக்கட்டையும் ருபெல்லாவையும் சேர்த்து, மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். போடும் மாதம் மட்டும் அதே ஒன்பதுதான். ஒழுங்கைகளில் படலைகள் போய் இரும்புக் கேற்றுகள் வந்துவிட்டன, வேப்பிலை செருக இடமுமில்லை. கிளிநொச்சிக்கு நினைத்தவுடன் போகலாம். அம்மா அந்த வழியால் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்ராண்டு வரமுன்னே கண்ணை மூடிக்கொள்வார், நித்திரை என்பார்.

போன மாதம் என் மகளுக்கு ஒன்பது மாதமாகி ஊசி போட்டோம். ஊசி போட்டவர் சின்னப் பெண். "ஒரு கிழமை பத்து நாளிலை காய்ச்சல் வரலாம், தடிப்புப் போடலாம். பயப்பிடாதேங்கோ அன்ரி" என்றார். அம்மா தலையாட்டினார். அடுத்த கிழமை தடிப்பு வந்தது: காதுக்குப் பின்னால், பிறகு நெஞ்சில். அம்மா குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊசிதான்" என்றார். "அண்டைக்கும் ஊசிதான். எனக்குத் தெரியும்."

குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். தாச்சியை அடுப்பில் வைத்து எண்ணெயை விட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எண்ணெய் காயும்வரை நின்றார்.

"அவன் பின்னேரம் மட்டும் நிண்டிருப்பான், பிள்ளை."