வண்டி காயட்டும்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நானும் என் கணவரும் வேலை பார்க்கிறோம். போக வர ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்தான். போன கோடையில் ஒரு நாள், டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் குழாயின் திருகை மூடாமல் வெயிலில் நிறுத்திவிட்டோம். வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டி கிளம்பவில்லை. அவர் சோக்கை இழுத்து இழுத்து மிதித்ததில் எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கரண்டு வருதான்னு பாக்கலாம். நான் பிளக்கை எஞ்சின்ல ஒட்டிப் புடிக்கறேன், நீ மிதி" என்றார்.

"ஏனுங்க, பெட்ரோல் வாசம் இப்படி அடிக்குது, சித்த பொறுங்க."

"எத்தன தடவ பாத்திருக்கறேன், மிதி புள்ள!"

காலையிலிருந்து முட்டை பொறுக்கிய அசதியில் வாதாடத் தெம்பில்லை. மிதித்தேன். பிளக் இருந்த ஓட்டை வழியே பெட்ரோல் பீய்ச்சியடித்து, பொறி பட்டுக் குப்பென்று பற்றியது. கோழிகளுக்கு வெக்கை தெரியாமலிருக்கக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்த ஈரச்சாக்கை உருவி மேலே போட்டேன். அவர் புருவம் கருகியதோடு போயிற்று. பக்கத்திலேயே தீவன மூட்டைகள் இருந்தன.

இப்போது வண்டியை நிறுத்தியதும் நானே திருகை மூடுகிறேன். மறந்து பெட்ரோல் நிரம்பினால் கரண்டு பார்க்கும் பேச்சே கிடையாது. திருகை மூடி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் விட்டுவிடுவேன். பிறகு பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி மிதித்தால் கிளம்பிவிடும்; கிளம்பியதும் பெட்ரோலைத் திறந்துவிடுவேன்.

அந்த மாதிரி நாட்களில் விடிந்ததிலிருந்து நான் உட்காருவது அந்த அரை மணி நேரம்தான்.

"ஊட்டுல வேலை கெடக்குது, சும்மா உக்காந்திருக்கற?" என்பார் அவர்.

"வண்டி காயுதுங்க" என்பேன்.