படத்தின் ஓரத்தில் ஒரு ஆள்

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அது பள்ளிச் சான்றிதழோடு சரி. வீட்டில் அவள் பெயர் கப்சா. கூடப்பிறந்த அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஒட்டியது நாற்பதைத் தாண்டியும் உதிரவில்லை. அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், “கப்சா அக்கா, ரெண்டு பக்கமும் காப்பி வேணும்” என்றுதான் கேட்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். என்ன செய்வது, பழகிவிட்டது.

அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. டிவியோடு பெட்டியை இணைத்துக் கேசட்டைச் செருகி ஆடும் விளையாட்டு ஒன்று அப்போது அவர்கள் வீட்டில் இருந்தது. குதிரைக்காரன் ஒருவன் பாலம் பாலமாகத் தாண்டிக் கோட்டைக்குள் போக வேண்டும். இரண்டாவது பாலம் முடிகிற இடத்தில், படத்தின் இடது ஓரத்தில், ஒரு குட்டி ஆள் நின்றுகொண்டு கையாட்டுகிறான் என்று ஒருநாள் சொன்னாள். அண்ணன் டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். ஆளும் இல்லை, கையும் இல்லை. “நல்லா விடுறா பாரு கப்சா!” என்றான். முடிந்தது கதை.

அதோடு போயிருந்தால் இதைச் சொல்ல நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். வளர்ந்த பிறகு அண்ணன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போனான். பேச்சுவார்த்தை அறவே நின்றது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள்தான் போன் செய்தாள். “அம்மாவுக்கு ரொம்ப முடியலண்ணா. உடனே கிளம்பி வா.” அவன் சிரித்தான். “சமாதானம் பண்ணி வைக்க இப்படி ஒரு கப்சாவா? ஆளை விடு” என்று வைத்துவிட்டான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“அம்மாவுக்கு உன் மேல கோபமே இல்லண்ணா. என் பிள்ளை ராஜான்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க” என்று இவள் சொன்னாள். அண்ணன் தலையாட்டினான். அவனுக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்கிற பயணியிடம் எப்படித் தலையாட்டுவானோ, அப்படி ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலை அவளால் விழுங்கவே முடியவில்லை. அம்மா கடைசியில் கோபத்தோடு போகவில்லை என்று அண்ணன் நம்ப வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

அம்மா பேச்சுக்குச் சாட்சி கிடையாது. ஓரத்து ஆளுக்குக் கிடைக்கலாமே என்று ஒருநாள் பொறி தட்டியது. பெயர் வாங்கித் தந்த முதல் கப்சாவே கப்சா இல்லை என்று ஆகிவிட்டால், மற்றதையும் அண்ணன் நம்புவானே?

கடையில் ஓரங்கட்டியிருந்த கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பழைய விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளைப் போட்டாள். இரண்டு திரை. ஒன்று அகலமான புதுசு, இன்னொன்று கிட்டத்தட்டச் சதுரமான பழைய மானிட்டர். சதுரத்தில் விளையாட்டு, அகலத்தில் ஸ்கோரும் விளையாட்டுப் பட்டியலும் என்று கணக்கு. கம்ப்யூட்டர் போட்ட கணக்கோ வேறு. சதுரத் திரை இந்த அளவை என்னால் காட்ட முடியாது என்று இருண்டுவிட்டது. அகலத் திரையில் குதிரைக்காரன் பக்கவாட்டில் இழுபட்டு நின்றான்.

“யாரும்மா இது, குதிரை மேல பூசணிக்காய்?” என்றார் அவள் கணவர். அவர் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வந்தால் வேடிக்கை பார்ப்பதும் நக்கலடிப்பதும்தான் அவருக்கு ஓய்வு.

“சும்மா இருங்க. ரெண்டு திரைக்கும் ஒரே படத்தைக் காப்பி எடுத்து அனுப்புது. பெரிய தாளுக்குப் போட்ட அளவைச் சின்னத் தாளுக்கும் போட்டா மெஷின் எப்படிங்க ஒத்துக்கும்?”

காப்பி எடுப்பதை நிறுத்தி, இரண்டையும் தனித்தனித் திரையாகப் பிரித்து, அதனதன் ரெசல்யூஷனை அததற்குக் கொடுத்தாள். சதுரத் திரை கண் திறந்தது. ஆனால் விளையாட்டு போய் அகலத் திரையில் உட்கார்ந்துகொண்டது. முதன்மைத் திரையை மாற்றி அதை இழுத்து வந்தாள். வந்தது மசமசவென்று இருந்தது. பழைய படத்தின் ஒரு புள்ளியை இரண்டரைப் புள்ளியாக இழுத்தால் வேறு எப்படி இருக்கும்? முழுசாக இரண்டு மடங்கு என்று வைத்தாள். சுற்றிக் கொஞ்சம் கறுப்பு விழுந்தாலும் படம் பளிச்சென்று நின்றது. குதிரையின் வாலைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

விரல் மரத்துப்போக ஆடி இரண்டாவது பாலத்தைக் கடந்தாள். இடது ஓரத்தில் ஒரு ஈ காக்கைகூட இல்லை.

அவளுக்குத் திக்கென்றது. அப்படியானால் நிஜமாகவே நான் கதை கட்டினேனா? கண்ணால் பார்த்தது போலிருக்கிறதே! எங்கே உட்கார்ந்து பார்த்தேன் என்று யோசித்தாள். பாய், பச்சைச் சுவர், பக்கத்தில் சித்தியின் தையல் மெஷின். அட, பார்த்தது நம் வீட்டில் இல்லை! விளையாட்டையும் தூக்கிக்கொண்டு விடுமுறைக்குப் போன இடத்தில், சித்தி வீட்டு டிவியில்.

“ஏங்க, சித்தி வீட்டு டிவியில படத்தைச் சுத்திக் கறுப்பா இருக்கும். படம் சின்னதாத் தெரியும். அது ஏங்க?”

“அந்த டிவி சாகக் கிடந்திருக்கு. உள்ள கரண்ட் பத்தலன்னா படம் சுருங்கிடும்.”

“சுருங்கினா ஓரமும் உள்ள வந்துடுமா?”

“வராம? நல்ல டிவியிலதான் ஓரம் சட்டத்துக்குள்ள போயிடும். வேணும்னே கொஞ்சம் பெரிசாக் காட்டுவாங்க.”

அவள் துள்ளி எழுந்தாள். நல்ல டிவி முழுங்கியதைக் கெட்டுப்போன டிவி காட்டியிருக்கிறது! பழைய டிவியைப் போலவே இருக்க வேண்டும் என்று இந்த மென்பொருளும் ஓரத்தை முழுங்குகிறதோ? அமைப்புகளை ஒவ்வொன்றாகத் துழாவினாள். கடைசியில் மாட்டியது, ‘ஓரங்களை வெட்டு’ என்று ஒரு கட்டம். யாரும் கேட்காமலே டிக் அடித்து வைத்திருந்தார்கள் பாவிகள். எடுத்துவிட்டாள். மறுபடி ஆடினாள், செத்தாள், ஆடினாள். பாலம் முடிந்தது.

நின்றுகொண்டிருந்தான். குட்டி ஆள், நீலச் சட்டை. யாரோ வரைந்துவிட்டு அழிக்க மறந்தவன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தும் அவன் கையாட்டவில்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டே இருந்தன.

“ஆட்டி ஆட்டிக் கை வலிச்சு நிறுத்திட்டான்னு சொல்லிடு. மச்சான் நம்பிடுவார்” என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். இரண்டு திரையையும் பார்த்து, “வயசான காலத்துல உனக்கு இது தேவையா?” என்று கேட்டுவிட்டு ஆட உட்கார்ந்தான். விரல் ஒன்றையும் மறக்கவில்லை, ஒரே ஆட்டத்தில் இரண்டாவது பாலத்தைத் தாண்டினான். தாண்டியவன் கை அப்படியே நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனான்.

“அடிப்பாவி! இருக்கானே!”

அண்ணன் வெகுநேரம் அந்த ஆளையே பார்த்தான். பரிசோதகர் புத்தி எங்கே போகும்?

“கை ஆட்டலையே.”

“இல்லண்ணா. அது நான் சேர்த்துக்கிட்டது.”

அவன் மெல்லத் திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை. “அம்மா சொன்னதா சொன்னியே. அதுல எவ்வளவு சேர்த்தே?”

கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒன்றும் சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அவன் நம்பியும் இருப்பான். அவளால் அது முடியவில்லை.

“ராஜான்னு சொல்லல. கோபம் இல்லன்னும் சொல்லல. நீ வந்துட்டியான்னு மட்டும் கேட்டாங்க. வந்துட்டான், கீழ படிகிட்ட நிக்கிறான்னு நான் சொன்னேன். நீ அப்போ வீட்டை விட்டே கிளம்பல.”

“அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?”

“மூணாவது மாடி, லிஃப்ட் ஓடல. மெதுவா ஏறி வரச் சொல்லு, அவனுக்கு மூச்சு வாங்கும்னாங்க. அவ்வளவுதாண்ணா. அப்புறம் பேசவே இல்ல.”

படி ஏறினால் அவனுக்கு மூச்சு இழுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

“நான் வந்துட்டேன்னு நீ சொன்னதை அம்மா நம்பினாங்களா?”

“நம்பினாங்கண்ணா. கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.”

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.