இணைச்சீரும் கெஸ்ட் கேரக்டரும்

என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசுவது ஒரே விஷயம்தான். அவன் விளையாடும் சண்டை வீடியோ கேமில் அடுத்து யார் கெஸ்ட் கேரக்டராக வரலாம் என்பது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள், ஒருவர் சுருண்டு விழும்வரை. அந்த விளையாட்டுக்கென்று சொந்தமாக ஆட்கள் உண்டு. அவர்களுக்குள் பகை, உறவு, பழைய கணக்கு எல்லாம் உண்டு. அது போதாதென்று வேறொரு விளையாட்டிலிருந்தோ சினிமாவிலிருந்தோ ஓர் ஆளை வரவழைத்து நடுவில் இறக்கிவிடுவார்கள். அவர்தான் கெஸ்ட். யார் வரப்போகிறார் என்று அறிவிப்பு வருகிறவரை உலகம் முழுக்கப் பையன்கள் சோறு தண்ணி இல்லாமல் சண்டை பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் பிடிப்பவருக்கு வயது இருபத்தெட்டு.

மச்சினன் வீட்டார் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றதும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவான். என் மனைவி அவனுடைய அக்கா. நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவள் பக்கத்துச் சொந்தத்தில் எங்கள் படியேறி வந்தவன் அவன் ஒருவன்தான். காரணம் நான். காங்கேயத்துப் பக்கம் என் அப்பாவும் அம்மாவும் என் மனைவி வீட்டுச் சாதிக்காரர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் படித்து, ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு உடுப்பும் ஆயுதமும் கம்ப்யூட்டரில் செய்துகொடுக்கிறேன். பெண் பார்க்கப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதனால் போகவில்லை.

மச்சினன் என்னை 'ப்ரோ' என்பான். முறைப்படி மாமா என்று கூப்பிட வேண்டும். முதல் வருடம் அது உறுத்தியது. பிறகு உறுத்தவில்லை.

நிஜமாக வரக்கூடிய கெஸ்ட்களைப் பற்றிப் பேசி அலுத்துப்போய், ஒருநாள் நம் ஊர் ஆட்களை உள்ளே விட ஆரம்பித்தோம். முதல் ஆள் காங்கேயம் காளை. "ப்ரோ, காளைய எறக்குனா எதுத்தாப்ல எவன் நிப்பானுங்க?" என்றான். நான் தொழில்காரன் ஆயிற்றே, ஒத்துக்கொள்ளவில்லை. காளைக்குக் குனிய வராது. தலைக்கு வரும் அடிக்குக் குனியத் தெரியாத ஆளை வந்த வாரமே அடித்துத் துவைத்துவிடுவார்கள். அவனுக்கு ஒரே வருத்தம். "அப்ப அது முட்டித் தள்ளறது?" என்றான். முட்டலாம், ஆனால் முட்டிவிட்டுத் திரும்புவதற்குள் முதுகில் நாலு விழும் என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவிதான் சரியான ஆளைக் கொடுத்தாள். "அவிநாசி ரோட்டுப் பிரைவேட் பஸ் கண்டக்டர எறக்குங்க." விசில் ஊதினால் எதிராளி ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும். தோளில் தொங்கும் தோல் பை சுழற்றி அடிக்க. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளிக்கொண்டே போய்த் திரையின் ஓரத்தில் நசுக்கிவிடுவது அவருடைய பெரிய அடி. அன்றைக்கு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நான் அவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் முழுசாகச் செய்து, காக்கிச் சட்டைக் காலருக்கு அடியில் மடித்த கைக்குட்டை வரை வைத்துக் கொண்டுவந்து காட்டினேன். மச்சினன் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். சேலை மேல் சேலையாக விரித்துப் போட்டே எதிராளியை மூடிவிடும் பட்டுக்கடைக்காரர். ஓடுகிற தறியிலிருந்து நூலோடு பாயும் நாடாக் கட்டையை உருவி எறியும் தறி ஃபிட்டர். திருத்திய பேப்பர் கட்டோடு வரும் என் மனைவியின் ஸ்கூல் ஹெச்.எம். குதிரை மேல் உட்கார்ந்த ஊர்க்காவல் சாமியை அவன் சொன்னபோது மட்டும் என் மனைவி, "சாமிய விட்டுருங்கடா, பாவம்" என்றாள். விட்டுவிட்டோம்.

கெஸ்ட் கேரக்டரில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம் உண்டு. சண்டை போட அவரை விடுவார்கள், கதைக்குள் விடமாட்டார்கள். இந்த மாதிரி விளையாட்டுகளில் ஸ்டோரி மோட் என்று ஒன்று இருக்கும். யார் யாருக்கு அண்ணன், யார் யாரைக் கொன்றான் என்று குடும்பக் கதை அதில் ஓடும். கெஸ்ட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதில் தலை காட்டக்கூடாது. வந்தாயா, அடித்தாயா, கைதட்டு வாங்கினாயா, அவ்வளவுதான். நான் இதைச் சொன்னபோது மச்சினன், "அவங்க கதை வேற, இவுங்க கதை வேறங்க ப்ரோ. ரெண்டையும் ஒட்டுனா ஒட்டாது" என்றான். விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ட்ரோலரைக் கையில் எடுத்தபடியே, தனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்றான். என் மனைவி கேட்ட முதல் கேள்வி பெண் யார் என்பதல்ல. "இணைச்சீர் யாருடா?" என்றாள்.

அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் மணமேடையில் அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். பொண்டாட்டி வந்துவிட்டாலும் உடன்பிறப்பு விட்டுப்போகாது என்று ஊர் முன்னால் சொல்கிற சடங்கு. எங்கள் வீடுகளில் இதெல்லாம் கிடையாது. அவள்தான் எனக்கு விளக்கினாள். "சொத்து வேண்டாமுங்க எனக்கு. இது ஒண்ணு மட்டும் என்ற உரிமை" என்றாள். அவளுக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே அக்கா. வேறு யார் நிற்க முடியும் என்று நானும் நினைத்தேன். மச்சினன் திரையைப் பார்த்துக்கொண்டே, "பெரியவங்க பேசீட்டிருக்காங்கக்கா" என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் போன். ஸ்பீக்கரில் போட்டாள். "கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துருங்க கண்ணு. வெள்ளனே வந்துருங்க, விடியறதுக்கு முன்னாடி" என்றார் அத்தை. வேறெதுவும் பேசவில்லை, வைத்துவிட்டார். என் மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இணைச்சீர் விடியற்காலையில்தான் நடக்கும். விருந்துக்கு மட்டும் கூப்பிடுவதாக இருந்தால் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்களே. இருட்டோடு வா என்றால் வேறு எதற்கு? அவர்கள் வீட்டில் பிறந்தவள் அப்படித்தான் கணக்குப் போடுவாள். மறுநாளே கடைக்குப் போய் அரக்குக் கலரில் பட்டு எடுத்தாள். நான் கூடப் போனேன். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கண்ணாடி முன் நின்று, மேடையில் தம்பி பக்கத்தில் நின்றால் எடுப்பாக இருக்குமா என்று என்னைக் கேட்டாள். இருக்கும் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தபோது அவனிடமும் அந்தச் சேலையைக் காட்டினாள். "நல்லாருக்குதுக்கா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த கெஸ்ட் ஒரு பெண்ணாக இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று ஆரம்பித்தான். அன்றைக்கு மோசமாக ஆடினான். என்னிடமே தோற்றான்.

இருட்டில் ஸ்கூட்டரில் கிளம்பி மண்டபத்துக்குப் போனோம். வாசலில் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஆட்கள் அதிகம் இல்லை. அத்தை வெளியிலேயே நின்றிருந்தார். மகளின் சேலையை மேலும் கீழும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "ஏங்கண்ணு இப்பிடி ஜோடிச்சுட்டு வந்திருக்க?" என்றார்.

"இணைச்சீருக்கும்மா."

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "அதுக்கு உன்ற சித்தப்பன் புள்ள நிக்கறா சாமி. நீங்க மொதப் பந்தில உக்காந்து சாப்பிட்டுப் போட்டு, சனம் வாரதுக்குள்ள கெளம்பிக்குங்க. அப்பன் இதுக்கு ஒத்துக்கிட்டதே பெருசு" என்றார். சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடத்திப் போனார். அந்தக் கையை விடவே இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பந்தியில் நாங்கள் இருவரும், பந்தல்காரர்களும், போட்டோக்காரரும். அத்தை நின்று பரிமாறச் சொன்னார். இட்லி நன்றாக இருந்தது, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மைக்கில் வாழ்த்துப் பாட்டு ஆரம்பித்தது. என் மனைவி கேசரியை விரலால் இலையில் தள்ளிக்கொண்டே அதைக் கேட்டாள். பாட்டின் எந்த அடியில் இணைச்சீருக்கு நிற்பவளை மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் விரல் நின்றது, பிறகு கேசரியை எடுத்துச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வெளியே போக ஹால் ஓரமாகத்தான் வழி. மேடையில் அவன் பட்டு வேட்டியில் நின்றிருந்தான். சித்தப்பா மகள் பக்கத்தில். சின்னப் பெண், கல்லூரிக்குப் போகிறவள். சேலை முனையைப் பிடிக்கத் தெரியாமல் சடங்கு செய்யும் பெரியவரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இடது கை இல்ல, வலது" என்று என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். மச்சினன் எங்களைப் பார்த்துவிட்டான். பார்த்தபடியே நின்றான். பெரியவர் ஏதோ சொன்னார், திரும்பிக்கொண்டான்.

வரும் வழியில் நன்றாக விடிந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் பஸ்கள் ஓட ஆரம்பித்திருந்தன. பின்னாலிருந்து அவள், "கேசரில நெய் பத்தல" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, நைட்டியோடு பகல் முழுக்கத் தூங்கினாள். நான் லேப்டாப்பைத் திறந்து, ஏதோ ஒரு நாட்டு வீரனின் கவசத்துக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். மனசில் ஒன்றுமே ஓடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து மச்சினன் வந்தான், தனியாக. கையில் மோதிரம், கழுத்தில் புதுச் செயின். வழக்கம் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, "ப்ரோ, கெஸ்ட்ட அறிவிச்சுட்டாங்க, பாத்தீங்களா?" என்றான். நான் பார்த்திருந்தேன், பிடித்தும் இருந்தது. டிவியைப் போட்டேன், இரண்டு ஆட்டம் ஆடினோம். என் மனைவி காப்பி கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். "நல்லா இருக்காளாடா?" என்று கேட்டாள். "இருக்காக்கா" என்றான். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியோணுமல்ல" என்றாள். அவன் காப்பியை எடுத்துக்கொண்டான். மண்டபத்தில் நடந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

அப்போது அவன் போன் அடித்தது. திரையில் கல்யாணப் போட்டோ. எடுத்தான். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவன் என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"இங்க கோயமுத்தூர்ல, ஃப்ரெண்டு ஊட்ல இருக்கேன். வாரேன்" என்றான்.

போனை வைத்தான். விளையாட்டில் இரண்டு ஆட்களும் அடிப்பதற்கு ஆள் இல்லாமல் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி குனிந்து, அவன் பாதி குடித்து வைத்திருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வருகிற யாரிடமும் காட்டுகிற மரியாதையான முகம்தான்.

"ஏனுங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். "உங்க ஃப்ரெண்டு கெளம்பறாரு. லிஃப்ட் வரைக்கும் போய் அனுப்பிச்சுட்டு வாங்க."

நான் எழுந்து போய் அனுப்பிவிட்டு வந்தேன்.