புகைபோக்கி இல்லாத கட்டடம்

2007 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஸ்ஃபெர்ராகவால்லோ பகுதியில் நாங்கள் வேலை செய்த புதிய அடுக்குமாடியின் மாதிரி வீட்டைக் காலையில் திறந்தேன். உள்ளே ஒரே குளிர். ஹீட் பம்ப் ஓடவில்லை. வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரம் நெருங்கிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் புகைபோக்கியும் இல்லை, எரிவாயு பாய்லரும் இல்லை. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். அந்தத் தண்ணீர் தரைக்குள் பதித்த குழாய்களில் ஓடி வீட்டைச் சூடாக்கும். பலெர்மோ முழுக்கப் பாய்லர் பூட்டித் திரிந்த எனக்கு இந்த வேலை கிடைத்தது பெரிய கொண்டாட்டம். கட்டட முதலாளிக்கோ பயம். வருகிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் மற்ற வீடுகளுக்குப் பாய்லர்தான் என்று சொல்லியிருந்தார்.

என்னோடு வேலை செய்த மன்னார் யேசுதாசன் சுவிட்ச் பெட்டியைத் திறந்தான். "அண்ணை, ஆரோ மெயினை நிப்பாட்டிப் போட்டினம்!"

"நான்தான் நிப்பாட்டினனான்," என்றார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற முதலாளி. "ஆளில்லாத வீட்டுக்கு ஏன் கரண்ட்? இப்ப போட்டால் சூடாகும்தானே?"

"தரை மெதுவாத்தான் சூடேறும். பின்னேரமாகும்," என்றேன்.

"அப்ப கரண்ட் ஹீட்டர் ஒண்டை மூலையில மறைச்சு வையுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"வேண்டாம் முதலாளி. உள்ளதைச் சொல்லுவம்."

யேசுதாசன் மெயினைப் போட்டான். வீடு பார்க்க வந்தவர்களிடம் நான் உள்ளதைச் சொன்னேன். பாதிப்பேர் உடனே போய்விட்டார்கள், மற்றவர்களும் கொஞ்ச நேரத்தில் கலைந்தார்கள். நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவிலிருந்து தனியாக வந்த ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா, மட்டும் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் போகேல்லை. இஞ்சையே இருந்து பாக்கிறன்."

இயந்திரம் இரையுமா, பழுதானால் யார் வருவது என்று அவர் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் கூடியது. பின்னேரம் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்ச் சுடுதண்ணீருக்கான சூரியத் தகடுகளையும் காட்டினேன். அங்கே நிற்கும்போதே கீழேயிருந்து யேசுதாசன் கத்தினான்.

"அண்ணை, ஏறுது! ஓடி வாங்கோ!"

குளியலறைத் தரையில் உள்ளங்கையைப் பதித்தபடி அவன் முழந்தாளில் இருந்தான். சிஞ்ஞோரா சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அறை அறையாக நடந்தார். பிறகு படிக்கட்டுக்குப் போய், வீடு பார்க்கப் பின்னேரம் புதிதாக வந்தவர்களைக் கூப்பிட்டார். "எல்லாரும் வாங்கோ! சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ!"

கொஞ்ச நேரத்தில் வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. கடைசியாக முதலாளியும் குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

"மற்ற வீடுகளுக்கும் இதையே போடுங்கோ," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சூடு வர எவ்வளவு நேரமாகும் என்பதை முதலில் சொல்லுங்கள். சுவிட்சைப் பிறகு போடலாம். அதைக் கேட்டும் வீடு வாங்கியவர் ஒருவர்கூட என்னைத் திட்டித் தொலைபேசி எடுத்ததில்லை.