திருச்சானூர் ரோட்டில் ஒரு வெள்ளை பியானோ

மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலின் லவுஞ்சில் பியானோ வாசிப்பது என் வேலை. சாயங்காலத்துக்கு மேல் மனிதர்கள் கையில் கோப்பையோடு உட்கார்ந்து பேசுகிற இடம் அது. அவர்களுக்காக வாசிக்கிறேன் என்று சொன்னால் அதில் பாதி பொய். அவர்களுடைய பேச்சுக்காக வாசிக்கிறேன். பேச்சுக்கு நடுவே விழுகிற மௌனம் யாரையும் சங்கடப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். ஏ.சி. மாதிரி. ஓடும்போது யாருக்கும் தெரியாது, நின்றால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

இந்த வேலைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. கண் எப்போதும் கோப்பைகளின் மேல் இருக்க வேண்டும். கோப்பைகள் நிறைந்திருந்தால் மெதுவாக வாசிக்கலாம், காலியாகிக்கொண்டு வந்தால் கொஞ்சம் துள்ளலாக. பார் பக்கம் யாராவது குரலை உயர்த்தினால் நாம் சத்தத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். சற்று நேரத்தில் அவர்களும் குறைத்துவிடுவார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நடக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், பாட்டை முடிக்கக் கூடாது. முடித்தால் ஒரு கணம் அமைதி வரும். எல்லோரும் பியானோ பக்கம் திரும்புவார்கள். கை தட்டுவதா வேண்டாமா என்று திணறுவார்கள். யாரோ ஒருவருடைய நல்ல பேச்சு பாதியில் அறுந்துபோகும். அதனால் கடைசி வரி நெருங்கும்போதே இடது கையை அப்படியே ஓடவிட்டு, வலது கையால் அடுத்த பாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். பல வருடங்களாக நான் ஒரு பாட்டையும் முடித்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. கர்வம் என்றுகூடச் சொல்லலாம்.

சித்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நைனா, அதாவது என் அப்பா, மிஷன் ஸ்கூலில் வாத்தியார். இருவரும் சபையின் பாடகர் குழுவில் நின்று பாடியே ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டவர்கள். ஸ்கூலில் இருந்த பழைய பியானோவில்தான் நான் கற்றுக்கொண்டேன். கீர்த்தனை வாசிக்கத்தான் பெண் கற்கிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் பூட்டுப் போட்டிருப்பார்கள். குடிக்கிற இடத்தில் வாசிக்கிறேன் என்று தெரிந்தபோது அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சமாதானமாகிவிட்டாள், ஆனால் சபையில் யாராவது கேட்டால் 'ஓட்டல்ல மியூசிக் டிபார்ட்மென்ட்' என்று சொல்லிவிடுவாள். எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்று சபையில் பாதிப் பேர் இன்னமும் நம்புகிறார்கள்.

நைனா போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் ஒரே பிள்ளை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்ததும் போன் செய்வாள். என்ன பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பாள்: எப்ப வரே? லீவுக்கு அல்ல, ஒரேயடியாக. நானும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வேன். கான்ட்ராக்ட், விசா, சித்தூரில் பியானோ வாசிக்கிறவளுக்கு என்ன வேலை. கடைசிக் காரணம்தான் பலமானது. அதற்கு அவளிடம் பதில் கிடையாது.

இந்த வருடம் மாம்பழ சீசனில் லீவில் வந்தபோது பதிலோடு காத்திருந்தாள்.

திருப்பதியிலிருந்து திருச்சானூர் போகிற ரோட்டில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருந்தார்கள். யாத்திரிகர்களுக்கான ஓட்டல், சைவச் சாப்பாடு மட்டும். முதலாளி எங்கோ வெளிநாட்டில் பார்த்து ஆசைப்பட்டு லாபியில் ஒரு வெள்ளை பியானோவை வாங்கி வைத்துவிட்டார். வாசிக்கத்தான் ஆள் இல்லை. அங்கே மேனேஜராக இருந்தவர் எங்கள் சபைக் குடும்பத்துப் பையன். சர்ச் வாசலில் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே போன் போட்டு எல்லாம் பேசி முடித்துவிட்டாள்.

'ஒரு நாள் போய் வாசிச்சிக் காட்டு, அவ்ளோதான். ஞாயித்துக்கெழம லீவு தராங்களாம்' என்றாள் அம்மா.

பத்து நாளில் திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை. எழுபதைத் தாண்டியவள், எனக்காகத் தானே போன் போட்டு வேலை பேசியிருக்கிறாள். போய் வாசித்துப் பார்க்கலாம், ஏதாவது சரியில்லாமல் போகும், அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒருவேளை பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது.

சித்தூரிலிருந்து பன்னிரண்டு மணி பஸ் பிடித்துத் திருப்பதி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டியிருந்தாள். அன்று வியாழக்கிழமை. நான் மஸ்கட்டில் போடும் கறுப்பு உடுப்பைக் கொண்டுவரவில்லை, சாதாரணச் சுடிதார்தான். மேனேஜர் வாசலுக்கே வந்து, 'வாங்கக்கா, வாங்க ஆன்ட்டி' என்று அழைத்துப்போனார். மத்தியானம் மூணு மணி. ரூம் கிடைக்க எல்லோரும் காத்திருக்கிற நேரம் அதுதான், அப்போது வாசித்தால் ஜனங்கள் கோபப்படாமல் இருப்பார்கள் என்றார். சரியான யோசனைதான். என் தொழிலே அதுதானே என்று எனக்கும் தோன்றியது.

லாபி நிறைய மனிதர்கள். மலையிலிருந்து தரிசனம் முடித்து இறங்கியவர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், லட்டுப் பைகள், தூங்கி வழிகிற குழந்தைகள். சோபா போதாமல் பலர் பெட்டி மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூடியைத் திறந்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய தெலுங்கு சினிமாப் பாட்டை மெதுவாக ஆரம்பித்தேன். கண் தன்பாட்டுக்குக் கோப்பைகளைத் தேடியது. கோப்பை ஏது? ஆளுக்கொரு பேப்பர் கப் காபிதான், அதையும் குடித்துக் கசக்கிப் போட்டிருந்தார்கள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு அம்மாள் அழுத குழந்தையை 'ஷ்' என்று அடக்கினாள். ரெண்டு குடும்பங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, பியானோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். நம் ஊரில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் அது கச்சேரி. கச்சேரி என்றால் முன்னால் உட்கார்ந்து கேட்பதுதான் மரியாதை. இது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர், மொட்டைத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, பக்கத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டின் கடைசி வரிக்கு வந்தபோது கை தட்ட ரெண்டு கையையும் தூக்கினார். நான் வழக்கம் போல அடுத்த பாட்டுக்குள் நழுவிவிட்டேன். அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். அடுத்த பாட்டும் முடிவுக்கு வந்தது. திரும்பக் கைகள் எழுந்தன, திரும்ப இறங்கின. அவருக்குப் பின்னால் இன்னும் பலருக்கும் இதே கதி. மூன்றாவது முறை அவருக்குப் பொறுக்கவில்லை.

'பாட்ட ஆபேசாரேன்டம்மா?' என்றார். ஏனம்மா பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். கோபமில்லை, நிஜமான விசாரிப்பு.

சரி, முடித்துத்தான் தொலைப்போமே என்று அந்தப் பாட்டுக்கே திரும்பிப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு முடிக்க வரவில்லை. கடைசி வரியில் இடது கை பழக்கதோஷத்தில் வேறெங்கோ ஓடப் பார்த்தது. பிடித்து இழுத்துவந்து, தப்பான இடத்தில் நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி நிறுத்தினேன். கதவை அறைந்து சாத்தின மாதிரி இருந்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை, எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் நன்றாகத் தட்டினார். அதன் பிறகு அமைதி. நாற்பது ஐம்பது கண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தேன், சுடிதாரில் துடைத்தேன், திரும்பக் கட்டைகள் மேல் வைத்தேன். கழுத்தில் வியர்வை இறங்கியது. ஏ.சி. நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

ரெண்டு மணி நேரம் வாசித்தேன். ஒவ்வொரு பாட்டையும் முடித்தேன், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வாங்கினேன். பெரியவரின் மனைவி கேட்ட ஒரு பாட்டை வாசித்தபோது அவர்கள் எல்லோரும் கூடவே முணுமுணுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஜென்மம் சாபல்யம் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் எப்போது அஞ்சு மணியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூண் பக்கத்து சோபாவில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வேலையை அவள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அவள் ஜனங்களைப் பார்க்கவில்லை, பியானோவைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். ரூம் லேட்டானதற்கு இன்று ஒரு சண்டை கூட வரவில்லை என்றார். முதலாளியிடம் சொல்லிவிடுவதாகவும், தங்க இடம் தருவதாகவும், அடுத்த மாதமே சேர்ந்துவிடலாம் என்றும் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் இந்த நாளுக்காக எத்தனை காலமாகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா, 'அவ யோசிச்சி சொல்வாப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. மாம்பழ ஜூஸ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி, ரோட்டில் பாதியை அடைத்து நின்றன. வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். பஸ்ஸுக்குள் பழுத்த வாசனை நிறைந்தது. வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அம்மாதான் முதலில் பேசினாள்.

'நல்லாதான் வாசிச்சே. ஆனா உன் மூஞ்சியே சரியில்ல. ஆஸ்பத்திரில ஊசிக்கு காத்துக்கினு இருக்கறவங்க மாதிரி உக்காந்துனு இருந்தே. அங்கியும் இப்டித்தானா?'

'இல்லம்மா. அங்க என்ன யாரும் பாக்க மாட்டாங்க.'

'ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?'

'மாட்டாங்க.'

'அது உனுக்கு கஷ்டமா இல்லியா?'

பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. 'இல்ல. அதான்மா எனுக்கு சொகம்' என்றேன்.

அவள் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் காய்களின் மேல் ஏறிப் படுத்து போனில் பேசிக்கொண்டிருந்தான். கண்ணைத் திருப்பாமலேயே சொன்னாள்:

'சரி. அப்ப நீ அங்கியே இரு. எனுக்காகத்தான் உன்ன கூப்ட்டுக்கினு இருந்தேன். உனுக்காகன்னு நெனச்சிக்கினேன்.'

தயார் செய்து வைத்திருந்த காரணம் தேவையில்லாமல் போய்விட்டது. நான் கேட்க ஆசைப்பட்டதை அவள் வாயாலேயே கேட்டுவிட்டேன். நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட மாட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, 'துன்னு' என்று என் கையில் கொட்டினாள். டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். காணிப்பாக்கம் பிரிவில் கும்பலாக ஜனங்கள் ஏறியதும் பேச இடமில்லாமல் போய்விட்டது.

டிக்கெட் எடுத்த தேதியில் மஸ்கட் திரும்பினேன். மேனேஜருக்கு அம்மாவே போன் செய்து, தன் பெண்ணுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டாள். லவுஞ்சில் வழக்கம் போல யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடின. அங்கே நான் இன்றும் சுகமாகத்தான் இருக்கிறேன், அதில் பொய்யில்லை.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஞாயிறு தவறாமல் போன் வருகிறது. என்ன துன்னே, உடம்பு எப்படி, பாஸ்டர் மாற்றலாகிப் போகிறார், பக்கத்து வீட்டில் போர்வெல் போட்டார்கள். எல்லாம் வருகிறது. கடைசியில் வர வேண்டிய கேள்வி மட்டும் வருவதில்லை. 'சரி பாப்பா, வெக்கிறேன்' என்று அவள் சொன்ன பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு எனக்குத் தாங்கவில்லை. அவள் வைப்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன். 'அம்மா, நான் வந்துடட்டா? லீவுக்கு இல்ல, ஒரேடியா.'

அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் நின்றது.

'உனுக்காக வரியா, எனுக்காக வரியா?' என்றாள்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

'அப்ப தெரிஞ்சப்பறம் வா' என்றாள் அம்மா. 'அதுவரிக்கும் நான் நல்லாத்தான் இருப்பேன்.'