ஜெபமாலையின் மறுபாதி

இன்று மாலை உக்கடத்தில் பஸ் ஏறியதும் வழக்கம்போல வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கால் போட்டேன். குடும்ப ஜெபமாலை எங்களுக்குப் போனில்தான். கணவர் மில்லில், மகள் டியூஷனில், மகன் அவன் அறையில்.

ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை நான் சொல்ல வேண்டும், மறுபாதியை அவர்கள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்து என் பாதியை முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூவரும் மியூட். மியூட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பித்தான் தினமும் ஓட்டுகிறேன்.

அப்போது பக்கத்து சீட்டிலிருந்து மறுபாதி வந்தது, ஒரு சொல் பிசகாமல். நெற்றியில் திருநீறு வைத்த ஒரு அம்மா.

"சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல படிச்சனுங்க. பாதியில நின்னா எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க. நீங்க சொல்லுங்க அம்மணி."

பேரூர் வரை அவர்தான் பதில் சொன்னார். இறங்கும்போது கேட்டார்: "ஊட்டுல கூடச் சொல்றதுக்கு ஆருமில்லீங்களா?"

"இருக்காங்க" என்று போனைக் காட்டினேன். பார்த்தார். இறங்கிப் போனார்.

அழைப்பைத் துண்டிக்காமல், ஜெபத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், தொண்டாமுத்தூர் வரை போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் நிறுத்திவிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கமாக முடிகிற நேரத்துக்குக் குழுவில் வரிசையாக மூன்று ஆமென் வந்து விழுந்தன.

உங்கள் வீட்டில் எப்படி? இதைப் படிக்காதவர்கள் கமெண்டில் ஆமென் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம்.